நான்கு மணிக் கொடி

ஞாயிற்றுக்கிழமை அடிக்கப்போகும் வெயிலை வியாழக்கிழமையே சொல்லிவிட்டார்கள். அதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. சலவைக்கூடத்து வாசலில் காவலாளியின் வானொலி சொன்னது. பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களின் கைபேசிகள் சொல்லின. காலை எட்டு மணிக்கு முப்பத்து நான்கு டிகிரி, பத்து மணிக்கு முப்பத்தொன்பது, காற்றில் ஈரம் மிகுதி. பின்னாளில் விழாக்குழுவினர் வெளியிட்ட இரங்கல் அறிக்கையில் "எதிர்பாராத வெயில்" என்று அச்சிட்டிருந்தார்கள். அதைப் படித்தவர்கள் இந்த முதல் செய்தியை மறவாதிருக்க வேண்டும். மூன்று நாள் முன்னதாக, மணிவாரியாக எதிர்பார்க்கப்பட்ட வெயில் அது.

அந்தச் சலவைக்கூடம் நகரத்து மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற இடம். ஆள் உயர உருளைகள் வெந்நீரில் புரளும். பிழிந்த விரிப்புகளைப் பெண்கள் இருவர் இருவராக நின்று சூடான இரும்பு உருளைக்குள் ஊட்டுவார்கள். மறுபக்கம் அவை விறைப்பாக, ஆவி பறக்க வெளியே வரும். அந்த ஆவியெல்லாம் பின்கட்டில் இருந்த கொதிகலனிலிருந்து வந்தது. கொதிகலனுக்கு முன்னால் பதினெட்டு ஆண்டுகளாக நின்றவருக்குக் கடிகாரம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. அதைச் சம்பளப் பதிவேடு தவிர யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய அந்த மனிதருக்கு, முள் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தால்தான் மூச்சு சீராக வரும். ஆண்டுதோறும் நடக்கும் நகர மாரத்தானில் அவர் கொடிக்காரர். முதுகில் ஒரு மெல்லிய கோலைக் கட்டி, அதன் உச்சியில் "4.00" என்று சிவப்புத் துணியில் வெட்டித் தைத்த மஞ்சள் கொடியைச் செருகிக்கொண்டு ஓடுவார். நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் நான்கு மணி நேரத்தில் முடிக்க விரும்புகிறவர்கள் அந்தக் கொடியை நம்பிப் பின்னால் ஓடினால் போதும். கையில் கடிகாரம் வேண்டாம், தலையில் கணக்கு வேண்டாம். ஒரு கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் நாற்பத்தொரு நொடி. ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் பத்து நொடிக்கு மேல் பிசகியதில்லை.

அவருடைய மனைவி அதே கூடத்தில் விரிப்பு ஊட்டுகிறவள். மகளுக்கு இருபத்து மூன்று வயது; அழுக்கு மூட்டைகளை மருத்துவமனைகளிலிருந்து ஏற்றி வரும் வண்டியை அவள்தான் ஓட்டினாள். அந்த ஆண்டு அவளும் முதன்முறையாக அப்பாவின் கொடிக்குப் பின்னால் ஓடுவதாக இருந்தாள்.

வியாழக்கிழமை மாலை, அவித்த உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே மனைவி பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை முப்பத்தொம்பதாம். கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"கேட்டு?"

"கேட்டு என்ன பண்ணச் சொல்ற? சூரியனுக்கு லீவு கொடுத்து அனுப்பவா?"

"சூரியனுக்கு வேணாம், உங்க காலுக்குக் குடுங்க. நாலு மணிய நாலரை ஆக்குங்க. அரை மணி லேட்டா வந்தா யாரு குடி முழுகிப்போகுது?"

"அம்மா, ஏழு மாசம் ஓடியிருக்கேன்மா," என்றாள் மகள். "விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு ஓடிட்டு, அதுக்கப்புறம் வண்டி எடுத்திருக்கேன். இப்பப் போயி நாலரைன்னா எப்படி?"

"ஏழு மாசம் ஓடினது ஏழு மாசத்து வெயில்லயா ஓடின? இருட்டுல ஓடின. பேச வந்துட்டா."

"நான் தினமும் கொதிகலன் முன்னாடி நிக்கிறவன்," என்றார் கடிகாரம். "எனக்கு வெயில் பாடம் எடுக்கிறியா?"

"நீங்க நிக்கிறீங்க. ஓடலையே." உரித்த கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். "எங்க பக்கத்துல மடிக்கிற பொண்ணு போன வருஷம் விழுந்தாளே, விழறதுக்கு முன்னாடி என்ன பண்ணா தெரியுமா? சிரிச்சா. 'அக்கா, மழை வருது, துணிய எடுங்க'ன்னா. கூரைக்குள்ள என்னடி மழைன்னு நாங்களும் சேர்ந்து சிரிச்சோம். தொட்டுப் பாத்தா வேர்வையே இல்ல, தோலு காஞ்ச ரொட்டி மாதிரி இருக்கு. அடுத்த நிமிஷம் கீழ கெடக்கா. சூடு தலைக்கு ஏறினா மொதல்ல பேச்சுதாங்க தடம் மாறும். அத மறந்துடாதீங்க."

அவர் ஒரு கிழங்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஆனால் கேட்டார். கேட்டார் என்பதற்குச் சான்று மறுநாள் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை நடுப்பகல், மூட்டைகளை இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்க வந்த மகளைக் கொதிகலன் அறைக்குள் அழைத்தார். இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்ற நிச்சயம் இருந்தும் குரலைத் தாழ்த்தினார்.

"நீ என் பின்னாடி வரவேணாம். நாலரைக் கொடி பின்னாடி போ. நாப்பத்து மூணு நொடி, ஒரு கிலோமீட்டருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம். மொதல் பாதியில காலு கெஞ்சும், போலாம் போலாம்னு. விட்டுடாத. தண்ணி வைக்கிற இடத்துலல்லாம் நின்னு குடி. தலையில ஊத்திக்க."

அவள் முகம் தொங்கிப்போயிற்று. பிறகு, அப்பாவை ஒரு தரம் உற்றுப் பார்த்தாள்.

"அப்ப நெஜமாவே ஆபத்துதானாப்பா?"

"உனக்கு இது மொதல் தடவ."

"உங்க பின்னாடி வர்ற பாதிப் பேருக்கு மொதல் தடவதான். அவங்ககிட்ட?"

"நாளைக்குக் கூட்டம் இருக்கு. அங்க சொல்றேன். அது வரைக்கும் வெளிய பேசாத. கொடி பிடிக்கிறவனே பின்வாங்கறான்னு ஆயிடும்."

"சொல்வீங்கல்ல?"

"சொல்றேன்னு சொல்றேன்ல."

அந்தச் சொல்லை நம்பி அவள் தன் ஏழு மாத ஆசையை அந்த இரைச்சலிலேயே விட்டுவிட்டு வண்டியில் ஏறினாள்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கூட்டம். நகராட்சி மண்டபத்தின் குளிரூட்டிய அறை, கொடிக்காரர்கள் ஒன்பது பேர், விழாக்குழுச் செயலாளர், ஒரு மருத்துவர். மருத்துவர் இளவயதினர், பேசிப் பழகாதவர். காகிதத்தைப் பார்த்துச் சொன்னார்: "இந்த மாதிரி வெயில்ல எல்லாருமே இருபதுலேருந்து முப்பது நிமிஷம் கூட்டிக்கிறது நல்லது. கொடிகளோட நேரத்தையே மாத்திட்டா ஜனங்களுக்குக் குழப்பம் இருக்காது. இல்லேன்னா ஆரம்பத்தை அஞ்சு மணிக்குக் கொண்டுவரலாம்."

செயலாளர் சிரித்தார். "டாக்டர், தொடங்கி வைக்கிறவர் ஆறு மணிக்குத்தான் வர்றார். அவரை அஞ்சு மணிக்கு எழுப்ப நீங்க போறீங்களா? நேரமெல்லாம் அச்சடிச்சுக் கொடுத்தாச்சு. நாலு மணின்னு சொல்லிட்டு நாலரைக்குக் கூட்டிட்டு வந்தா, அதுக்குப் பேரு மாரத்தானா, ஊர்வலமா? வெயிலுக்குப் பயந்தவங்க வீட்ல விசிறிக்கு அடியில இருக்கட்டும். என்ன கடிகாரம்? உங்களுக்கு ஏதாவது பிரச்சனையா?"

ஒன்பது கொடிக்காரர்களில் மற்ற எட்டுப் பேரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவர் வாய் திறந்திருந்தால் எட்டுப் பேரும் திறந்திருப்பார்கள். மண்டபத்திலே சங்கிலி இல்லை, சவுக்கு இல்லை, வாயைப் பொத்துகிற கை இல்லை. ஆறு ஆண்டுப் பெருமை ஒன்று மட்டும் இருந்தது. பத்து நொடிகூடப் பிசகாத மனிதன், அரை மணி பிசகுவேன் என்று எப்படிச் சொல்வான்? மனிதர்களை அடிமை கொள்ள எசமானர்கள் எத்தனையோ கருவிகள் செய்தார்கள்; அவற்றிலெல்லாம் மலிவானது, ஒருவனுக்கு ஒரு பட்டம் சூட்டி அதை அவனே காவல் காக்கும்படி விட்டுவிடுவது.

"ஒரு பிரச்சனையும் இல்ல, சார்," என்றார் கடிகாரம்.

மாலையில் கொடியை வாங்கப் போனார். தெருமுனையில் தையல்கடை. பத்தடிக்கு எட்டடி அறை. ஒரு இயந்திரம், வெட்டுப்பலகை, கொக்கியில் தொங்கும் அரைகுறைச் சட்டைகள். தையல்காரர் கடிகாரத்தைவிட நாலைந்து வயது இளையவர். உட்கார்ந்த வேலையில் வயிறு முன்னால் வந்துவிட்டது என்று மூன்றாண்டுக்கு முன் ஓடத் தொடங்கியவர், இப்போது ஓடாத நாள் கை நடுங்குகிறது என்பார். போன வருடம் நான்கு மணி ஆறு நிமிடம். இந்த வருடம் கொடியை விடுவதில்லை என்று வாடிக்கையாளர் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். கொடியை ஆண்டுதோறும் துவைத்து, பிரிந்த ஓரத்தை அடித்துக் கொடுப்பதும் அவர்தான்.

"வாங்கண்ணே. கொடி ரெடி. ஓரத்துல ரெட்டைத் தையல் போட்டிருக்கேன், புயலடிச்சாலும் நூல் பிரியாது." இயந்திரத்திலிருந்து எழாமலே கொடியை நீட்டினார். பிறகு பாதியில் கையை நிறுத்திக்கொண்டார். "அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? நாளைக்குச் சூடு கொஞ்சம் ஓவராமே. எங்க வீட்ல காலையிலேருந்து ஒப்பாரி. நம்பரை மாத்தணுமா?"

"எதுக்கு மாத்தணும்?"

"இல்ல, இந்த நடுச் சுழியப் பிரிச்சுட்டு ஒரு மூணு வச்சு அடிச்சா நாலரை ஆயிடும். ரெண்டு பக்கமும் சேர்த்துப் பத்து நிமிஷ வேலை. சிவப்புத் துணி மிச்சம் கெடக்கு. நீங்க 'ம்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"கமிட்டி ஒத்துக்கல."

"கமிட்டி கெடக்கு கழுதை. கமிட்டியா ஓடுது? அது பந்தல்ல உக்காந்து ஐஸ் தண்ணி குடிக்கும். நான் உங்களக் கேக்குறேன். நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

இயந்திரத்தின் சக்கரத்தில் கையை வைத்தபடி அவர் காத்திருந்தார். உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் இல்லை. செயலாளர் இல்லை, கேட்க வேறு செவி இல்லை. தன் மகளிடம் தாழ்ந்த குரலில் சொன்ன அதே பத்துச் சொற்களை இங்கே சொன்னால் போதும்.

"கொடின்னா கொடிதான்," என்றார் கடிகாரம். "முடிஞ்சா வா. முடியலைன்னா மெதுவா வா."

"முடியாமலா? உங்க முதுகப் பாத்துக்கிட்டே வர்றேண்ணே. நீங்க போறீங்கன்னா போலாம்னுதான அர்த்தம்?"

கொடியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு அவர் வீடு திரும்பினார். மகள் கேட்டாள்: "சொன்னீங்களாப்பா?" அவர் செருப்பைக் கழற்றினார். "எல்லாம் பேசியாச்சு," என்றார். அதில் பொய் என்று பிடிக்க ஒரு சொல்லும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கொடியின் பின்னால் முப்பத்தொரு பேர் நின்றார்கள். மகள் இல்லை என்பதைத் தையல்காரர்தான் முதலில் கவனித்தார்.

"பாப்பா எங்கண்ணே?"

"பின்னால வருது."

"தூங்கிட்டாளா? பரவால்ல, நாம போய் எடம் பிடிச்சு வைப்போம்."

முதல் பத்து கிலோமீட்டர் வரை தையல்காரரின் வாய் ஓயவில்லை. முன்னால் ஓடியவரின் கால்சட்டையைக் காட்டி, "இத தச்சவன் என் கைல கெடச்சா கத்திரிக்கோலப் பிடுங்கிடுவேன்," என்றார். தண்ணீர் மேசையில் நின்ற பெண்ணிடம், "அடுத்த மேசைய வீட்டு வாசல்லயே போடக்கூடாதாம்மா?" என்றார். கூட்டம் சிரித்தது, சிரித்தபடியே ஓடியது. எட்டு மணிக்கெல்லாம் தார் சுடத் தொடங்கியது. கட்டடங்களின் நிழல் சுவரை நோக்கிச் சுருங்கத் தொடங்கியது. இருபதாவது கிலோமீட்டரில் இருபத்திரண்டு பேர். இருபத்தேழாவதில் பதினொரு பேர். கொடிக்காரர் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பினால் நடை தளரும் என்பது அவர் வைத்த விதி. காலடி ஓசையை வைத்தே எண்ணிக்கொள்வார்.

இருபத்தொன்பதாவது கிலோமீட்டர்க் கல்லைத் தாண்டியபோது பின்னாலிருந்து தையல்காரரின் குரல் வந்தது. வேறு மாதிரி இருந்தது. கொஞ்சம் குழைந்து, குழந்தையின் குரல்போல.

"அண்ணே, இந்தச் சட்டைக்குப் பொத்தான் எத்தனை?"

பக்கத்தில் ஓடியவர்கள் சிரித்தார்கள். கோமாளி இன்னும் விளையாடுகிறான் என்று சிரித்தார்கள்.

"சொல்லுங்கண்ணே. ஆள் காத்துக்கிட்டிருக்கார். விளக்க ஏன் அணைச்சீங்க? ஊசி தெரியல."

கடிகாரம் சிரிக்கவில்லை. பேச்சுதான் முதலில் தடம் மாறும் என்று வியாழக்கிழமை மாலை கேட்டது அந்த நொடியில் அவர் செவியில் விழுந்தது. மனைவியின் குரலிலேயே விழுந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சாலையில் ஓடிய எவருக்கும் தெரியாதது அவர் ஒருவருக்குத் தெரிந்தது. அவர் மணிக்கட்டைப் பார்த்தார். பதினொரு நொடி பின்தங்கியிருந்தது.

பதினொரு நொடி! அவர் காலை எட்டிப் போட்டார்.

சற்று நேரத்தில் ஒரு காலடி ஓசை குறைந்தது.

நான்கு மணிக் கொடி மூன்று மணி ஐம்பத்தொன்பது நிமிடம் ஐம்பத்தாறு நொடியில் எல்லையைக் கடந்தது. அதன் பின்னால் இரண்டே பேர் இருந்தார்கள். செயலாளர் ஒலிபெருக்கியில், "வெயிலாவது மழையாவது, நம்ம கடிகாரம் நிக்காது!" என்று முழங்கினார். பந்தலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

மகள் தையல்காரரை முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில் கண்டாள். விளம்பரப் பலகையின் ஒரு முழ நிழலில் மல்லாந்து கிடந்தார். கடந்து போனவர்கள் இளைப்பாறுகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். கொடி போன நேரத்தைக் கணக்கிட்டால் ஏறக்குறைய இருபது நிமிடம் அப்படியே கிடந்திருக்கிறார். அவள் தொட்டாள். தோல் காய்ந்திருந்தது. தன் குப்பியில் இருந்த தண்ணீரை அவர் நெஞ்சில் ஊற்றினாள், கழுத்தில் ஊற்றினாள், நடுச்சாலையில் நின்று கைகளை விரித்து ஓடுகிறவர்களை மறித்தாள். "தண்ணி குடுங்க! யாராவது வண்டிக்குச் சொல்லுங்க!" அவர் கண்களைப் பாதி திறந்தார்.

"கொடி போயிடுச்சா, பாப்பா?"

"போகல, அங்கிள். இங்கதான் இருக்கு."

அவர் அதன்பின் பேசவில்லை. வண்டி வந்தபோது உடம்பின் சூடு நாற்பத்தொன்றரை டிகிரி. சிறுநீரகம் முதலில் நின்றது, பிறகு கல்லீரல். புதன்கிழமை விடியலில் எல்லாம் நின்றது. அன்று பகல், அவர் உயிர்விட்ட மருத்துவமனைப் பிரிவின் அழுக்கு மூட்டையை வழக்கம்போல மகள்தான் ஏற்றி வந்தாள். கொதிகலன் அறையின் வாசலில் அதை இறக்கிவைத்தாள்.

"எனக்குச் சொன்னத அவருக்கு ஏம்ப்பா சொல்லல?"

அவர் அழுத்தமானியைப் பார்த்தபடி நின்றார்.

"சொல்றேன்னு சொன்னீங்க. நான் நம்பி வாய மூடிக்கிட்டேன். இப்ப நானும் கூட்டுதானே? சொல்லுங்கப்பா. சொந்தப் பொண்ணுக்கு ஒரு வெயிலு, ஊரான் வீட்டு ஆளுக்கு ஒரு வெயிலா?"

ஆவிக்குழாய் சீறிக்கொண்டிருந்தது. உருளைக்கூடத்திலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, இருவருக்கும் நடுவே கிடந்த மூட்டையைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் அதை இழுத்துக்கொண்டு போனாள்.

பதினோராவது நாள் மாலை, அவர் கொடியை எடுத்துக்கொண்டு தையல்கடைக்குப் போனார். கதவு பாதி திறந்திருந்தது. தையல்காரரின் மனைவி அரைகுறைச் சட்டைகளை அவரவரிடம் திருப்பிக் கொடுப்பதற்காக மடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தும் மடிப்பை நிறுத்தவில்லை.

"உக்காருங்கண்ணே."

அவர் உட்காரவில்லை. கொடியை வெட்டுப்பலகையில் வைத்தார். அவளே எழுந்து இயந்திரத்தின் இழுப்பறையைத் திறந்து, குண்டூசி குத்திய இரண்டு துண்டுத் துணிகளை எடுத்து வெட்டுப்பலகையில் வைத்தாள். சிவப்புத் துணியில் வெட்டிய மூன்று என்ற எண், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு.

"அன்னைக்குச் சாயங்காலம் நீங்க போனதும் வெட்டி வச்சாரு. 'பத்து நிமிஷ வேலைதான், அண்ணன் மனசு மாறி வந்தாலும் வருவாரு, கடைய இப்பச் சாத்தாத'ன்னாரு. சாப்பிடக் கூப்பிட்டேன், வரல."

"தங்கச்சி..." அவர் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "என் பொண்ணுக்கு மட்டும் சொன்னேன். நாலரையில போன்னு. இவருக்குச் சொல்லல. ரோட்டுல பேச்சு மாறினதும் எனக்குத் தெரிஞ்சுது. நிக்கல."

"மொத பாதி தெரியும். உங்க பொண்ணு எரிச்ச அன்னைக்கே வந்து சொல்லிட்டா. அழுதுகிட்டே சொன்னா." அவள் குரல் உயரவில்லை. "நீங்க எப்ப வருவீங்கன்னுதான் எண்ணிக்கிட்டிருந்தேன். ரெண்டாவது பாதி இப்பத்தான் தெரியுது."

அவள் பாதி மடித்திருந்த சட்டையின் காலரை நீவி வைத்தாள். பிறகு நூல் பிரிக்கும் ஊசியை எடுத்து அவர் முன் வைத்தாள்.

"பிரிங்க."

"எனக்குத் தைக்கத் தெரியாதும்மா."

"தைக்கச் சொல்லல. பிரிக்கச் சொல்றேன்."

அவர் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். காய்த்துப்போன கொதிகலன் கைகள். ஊசி இரண்டு முறை நழுவியது. நடுச் சுழியின் தையலில் ஒவ்வொரு கண்ணியாகக் குத்தி இழுத்தார். இரட்டைத் தையல். ஒரு பக்கம் முடிந்தது, கொடியைத் திருப்பினார். மறுபக்கத்துச் சுழியும் கழன்று மடியில் விழுந்தது. அது இருந்த இடத்தில் மஞ்சள் துணி வெளுக்காமல், புதிதாக, வட்டமாக இருந்தது. அவள் குண்டூசியைக் கழற்றிச் சிவப்பு மூன்றை அந்த இடத்தில் வைத்தாள். சரியாகப் பொருந்தியது. நாலு முறை கால் மிதித்து ஓட்டினாள். திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் ஓட்டி நூலைப் பல்லால் கடித்தாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு, சொல்லுங்க."

பார்க்காமலே நொடி சொல்கிற மனிதருக்கு அது தெரியவில்லை.

அவள் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"எட்டு நிமிஷம்," என்றாள்.